டெலிபோன் புரட்டு

இன்றைய தினம் விருதுநகர் ஜில்லாவில் செல்போன் இல்லாத வீடு ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டமான காரியமாகும். அந்தச் செல்போன் வழியாக ஒரு திருடனாவது எட்டிப் பார்க்காத வீடு ஒன்றைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டமான காரியமாகும். சிவகாசியில் சரம் பின்னிக் கொண்டிருக்கும் பெண்ணுக்கும், சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வரும் தொழிலாளிக்கும், அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கும், ராஜபாளையம் மில் தொழிலாளிக்கும், விருதுநகர் மண்டியில் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கும் தினம் தினம் இந்த அழைப்புகள் வந்து கொண்டே இருக்கின்றன. நம் நாட்டில் ஜாதி, மதம், பணக்காரன், ஏழை என்கின்ற வித்தியாசம் பாராட்டாமல் எல்லோரையும் சமமாக நடத்துகின்றவன் இந்த டெலிபோன் திருடன் ஒருவன்தான் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

அவன் சொல்லும் சங்கதிகளோ பலவிதம். "உங்கள் பாங்கிக் கணக்கு இன்று மாலையோடு முடக்கப்படும்" என்பான். "போன மாதத்து மின்சாரக் கட்டணம் ஏறவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்புத் துண்டிக்கப்படும்" என்பான். "உங்கள் நம்பருக்கு 25 லட்சம் பரிசு விழுந்திருக்கிறது" என்பான். "உங்கள் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஸ்கேன் செய்யுங்கள்" என்பான். ஒன்றும் இல்லாவிட்டால், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுத் தலை சாய்க்கும் நேரம் பார்த்து, "சார், லோன் வேண்டுமா? கிரெடிட் கார்டு வேண்டுமா?" என்று கேட்கவாவது ஒருவன் வந்துவிடுவான். முன்னவன் திருடன், பின்னவன் தொல்லைக்காரன். ஆனால் பின்னவன் நடந்து நடந்து தேய்த்த பாதையில்தான் முன்னவன் சுலபமாக உள்ளே நுழைகின்றான் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

இது ஏதோ சில்லறைத் திருட்டு என்று யாராவது நினைப்பார்களானால் அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுகின்றோம். 2025 ஜூலை மாதத்தில் இந்திய சர்க்காரே பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டபடி, சைபர் மோசடிகளில் ஜனங்கள் பறிகொடுத்த தொகை 2023 ஆம் வருஷத்தில் சுமார் 7,465 கோடி ரூபாய். 2024 ஆம் வருஷத்தில் சுமார் 22,845 கோடி ரூபாய். அதாவது ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. சிவகாசிப் பட்டாசுத் தொழில் முழுவதும், மழையிலும் வெயிலிலும், வெடி விபத்திலும் உயிரைக் கொடுத்து ஒரு வருஷத்தில் செய்கின்ற வியாபாரத்தைப்போல் சில மடங்கு தொகையை, ஒரு கூட்டம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாயால் பேசி வாங்கிக் கொண்டு போகின்றது. அதுவும் புகார் கொடுத்தவர்கள் கணக்குத்தான் இது. வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டவர்களின் கணக்கு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

படித்தவர்களின் பரிகாசம்

இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் படித்த கூட்டத்தார் உடனே சொல்லுவது என்னவென்றால், "பேராசைக்காரனும் மடையனும்தான் ஏமாறுகின்றான், புத்தியுள்ளவன் ஏமாறுவானா?" என்பதேயாகும். இதை நாம் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள முடியாது. 2024 ஆகஸ்டில் லூதியானாவைச் சேர்ந்த, 82 வயதான, பெரிய நூல் மில் முதலாளி ஒருவர், சி.பி.ஐ. அதிகாரிகள் என்று சொல்லிக் கொண்ட திருடர்களிடம் 7 கோடி ரூபாயைப் பறிகொடுத்தார். அவருக்குச் செல்போன் திரையிலேயே பொய்யாக ஒரு சுப்ரீம் கோர்ட்டை உட்கார வைத்து, பிரதம நீதிபதியாக ஒருவனை நடிக்க வைத்து, விசாரணை நடத்தித் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். 2025 இல் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதிக்கு சுப்ரீம் கோர்ட்டு முத்திரை வைத்த பொய் உத்தரவைக் காட்டி ஒரு கோடிக்கு மேல் பறித்துக் கொண்டார்கள். அந்தத் தம்பதியின் கடிதத்தின் பேரில்தான் நிஜமான சுப்ரீம் கோர்ட்டு 2025 அக்டோபரில் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, டிசம்பர் 1 ஆம் தேதி நாடு முழுவதும் சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இம்மாதிரிப் பொய்க் கைதுகளில் மட்டும் சுமார் 3,000 கோடி ரூபாய் போயிருப்பதாக அந்தக் கோர்ட்டின் முன்னாலேயே கணக்குச் சொல்லப்பட்டிருக்கின்றது.

இவர்களுக்குப் படிப்பு இல்லையா? பணம் இல்லையா? வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்க வசதி இல்லையா? எல்லாம் இருந்தது. இல்லாமற் போனது ஒன்றே ஒன்றுதான். அது, "நீ யார்? எந்தச் சட்டப்படி என்னைக் கேட்கிறாய்?" என்று எதிர்த்துக் கேட்கும் துணிவு. அந்தத் துணிவு பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கப்படுவதில்லை. சொல்லப் போனால், அதை இல்லாமல் செய்வதற்கென்றே நம் பள்ளிக்கூடம், நம் ஆபீசு, நம் குடும்பம் எல்லாம் ஏற்பட்டிருக்கின்றதோ என்று சந்தேகப்படும்படியாக இருக்கின்றது.

பயம் யார் போட்ட விதை?

"டிஜிட்டல் அரஸ்ட்" என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையவே கிடையாது. இதை 2024 அக்டோபர் 27 ஆம் தேதி பிரதம மந்திரியே ரேடியோவில் சொல்லியிருக்கின்றார். கைது என்பது அதிகாரி நேரில் வந்து ஆளைத் தன் காவலில் எடுத்துக் கொள்வதேயொழிய, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செல்போன் கேமராவுக்கு முன் உட்கார்ந்திருப்பதல்ல. கைது செய்த ஆளை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22 ஆவது ஷரத்து சொல்லுகின்றது. விசாரணைக்கு வரும்படி போலீசார் அனுப்பும் நோட்டீசைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்துச் சொல்லியிருக்கின்றது. எந்தப் போலீசாவது, எந்தக் கோர்ட்டாவது, "உன் பணத்தைச் சரிபார்க்க வேண்டும், இந்தக் கணக்குக்கு அனுப்பி வை, பிறகு திருப்பித் தருகிறோம்" என்று சொல்லுமா? சொன்னால் அது கோர்ட்டா, கொள்ளைக்கூட்டமா?

இவ்வளவு வெளிப்படையான பொய்யை ஜனங்கள் ஏன் நம்புகின்றார்கள் என்பதுதான் கேள்வி. இதற்கு நம்முடைய பதில் யாதெனில், நிஜமான அதிகாரி அவர்களிடம் எப்படிப் பேசி வந்தானோ அப்படியே இந்தப் பொய் அதிகாரியும் பேசுகின்றான், அதனால் நம்புகின்றார்கள் என்பதேயாகும். தாலுக்கா ஆபீசில் ஒரு சர்டிபிகேட்டுக்காகப் போன ஏழை, பியூன் முன்னால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக் கொள்ளுகின்றான். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனவனை முதலில் உட்காரச் சொல்லாமல் நிற்க வைக்கின்றார்கள். பாங்கியில் பாஸ்புக்கை நீட்டிய கிழவியை, "அந்தப் பக்கம் போ" என்று கை காட்டுகின்றார்கள், எந்தப் பக்கம் என்று சொல்லுவதில்லை. இப்படி ஆயுள் முழுதும், "அதட்டுகிறவன் அதிகாரி, அடங்குகிறவன் குடிஜனம்" என்று பழக்கப்படுத்தப்பட்ட மனிதனுக்கு, ஒருவன் டெலிபோனில் அதட்டினான் என்றால் அவன் நிஜ அதிகாரி என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? அதட்டலே அத்தாட்சியாகி விடுகின்றது. திருடன் காக்கிச் சட்டையை வாடகைக்கு எடுக்கின்றான். அந்தச் சட்டைக்குப் பயத்தை ஊட்டி வைத்தவர்கள் வேறு ஆட்கள். ஆகவே, அதிகாரிகள் ஜனங்களை மரியாதையாக நடத்துகின்ற காலம் வருகின்ற வரையில் இந்தத் திருடர்களுக்குப் பிழைப்புக்குக் குறைவிருக்காது என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

சிவகாசியின் பெயரால்

இனி நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். மற்ற ஊர்க்காரர்கள் ஏமாறத்தான் செய்கின்றார்கள். நம் சிவகாசியோ, ஏமாறுவதோடு பிறரை ஏமாற்றுவதற்கான பெயராகவும் ஆக்கப்பட்டுவிட்டது. தீபாவளி நெருங்க வேண்டியதுதான் தாமதம், "சிவகாசி ஆலையிலிருந்து நேராக, நூற்றுக்குத் தொண்ணூறு தள்ளுபடி, வீட்டுக்கே வந்து சேரும்" என்று மெசேஜும் வாட்ஸ்அப்பும் யூடியூப் விளம்பரமும் கிளம்பிவிடுகின்றன. அழகான வெப்சைட், பட்டாசுப் பெட்டிப் படங்கள், நம் ஊர்த் தெருவின் பெயர், எல்லாம் இருக்கும். பணம் கட்டின மறுநாள் வெப்சைட்டும் இருக்காது, டெலிபோன் நம்பரும் இருக்காது. இதைப் பற்றி 2024 தீபாவளிக்கு முன்னால் தமிழ்நாடு சைபர் கிரைம் போலீசார் எச்சரிக்கை செய்தும், திருடர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடவில்லை.

வாசகர்களே! கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெட்டி மத்தாப்புக்கு அட்டை வேண்டும், மருந்து வேண்டும், கம்பி வேண்டும், லேபிள் அச்சடிக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், வரி கட்ட வேண்டும். 100 ரூபாய்ச் சரக்கை ஒருவன் 10 ரூபாய்க்குக் கொடுக்கின்றேன் என்றால், ஒன்று அந்த 100 ரூபாய் விலை பொய்யாக இருக்க வேண்டும், அல்லது சரக்கே பொய்யாக இருக்க வேண்டும். பட்டாசை இன்டர்நெட் வியாபாரக் கம்பெனிகள் ஆர்டர் வாங்கி விற்கக்கூடாது என்று 2018 அக்டோபர் 23 ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. வெடிபொருளைத் தபாலில் அனுப்பக்கூடாது, ரயிலில் கொண்டு போகக்கூடாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அப்படியிருக்க, "தபாலில் உங்கள் வாசலுக்கே வரும்" என்று ஒருவன் சொன்னால் அவன் சட்டத்தை மீறுகின்றவனாக இருக்க வேண்டும், அல்லது பொய்யனாக இருக்க வேண்டும். இரண்டில் எவனாக இருந்தாலும் அவனிடம் பணத்தைக் கொடுக்க என்ன அவசியம் வந்தது?

ஆனால் இதில் நம் ஊர் வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. விலைப்பட்டியலில் ஒன்றுக்குப் பல மடங்காக விலையைப் போட்டு, அதன் மேல் எண்பது தள்ளுபடி என்று பறைசாற்றும் தந்திரத்தை முதலில் பழக்கப்படுத்தியவர்கள் யார்? வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடித்து, முன்பணம் வாங்கி, லாரிப் பார்சலில் அனுப்பும் வழியைக் காட்டியவர்கள் யார்? யோக்கியமான வியாபாரி நடந்து காட்டிய அதே வழியில் திருடன் நடந்து வந்தால், எட்டூருக்கு அப்பால் இருக்கும் ஜனங்கள் எவன் வியாபாரி, எவன் திருடன் என்று எதைக் கொண்டு கண்டுபிடிப்பார்கள்? ஏமாந்தவன் திருடனைத் திட்டுவதில்லை. "சிவகாசிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்றுதான் சொல்லுகின்றான். அந்தக் கெட்ட பெயரின் பலன் முதலாளி தலையில் மட்டும் விழுவதில்லை. ஆர்டர் குறைந்தால் வேலை குறைவது சரம் பின்னுகின்ற பெண்ணுக்குத்தான்.

அதிர்ஷ்டம் என்னும் தூண்டில்

விருதுநகர் மார்க்கெட்டில் துவரையும் மிளகாய் வற்றலும் வாங்குகின்ற வியாபாரியைப் பாருங்கள். சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, முகர்ந்து, நாலு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்த பிறகுதான் விலையே பேசுவார். அப்படிப்பட்டவர், முகம் தெரியாதவன் ஒருவன், "பங்கு மார்க்கெட்டில் போடுங்கள், மாதத்தில் இரட்டிப்பாகும்" என்று வாட்ஸ்அப் கூட்டத்தில் சொன்னதும் எதையும் தேய்த்துப் பார்க்காமல் ஐந்து லட்சத்தை அனுப்பி வைக்கின்றார். காரணம் என்ன? துவரை விஷயத்தில் அவர் அறிவை நம்புகின்றார். பண விஷயத்தில் அதிர்ஷ்டத்தை நம்புகின்றார்.

உழைக்காமல் வருவதற்கு ஒரு பணம் எங்கேயோ காத்துக் கொண்டிருக்கின்றது, அது நம் ஜாதகத்தில் எழுதியிருந்தால் வந்து சேரும் என்கின்ற எண்ணம் நம் ஜனங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஊட்டப்பட்டு வருகின்றது. "இந்த நோட்டீசை ஆயிரம் பிரதி அச்சடித்து வினியோகித்தவனுக்கு லட்சம் கிடைத்தது, கிழித்தெறிந்தவன் ரத்தம் கக்கிச் செத்தான்" என்ற துண்டு நோட்டீசைப் படித்துப் பயந்து, கடன் வாங்கி அச்சடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அதே நோட்டீசு இன்று காகிதச் செலவில்லாமல், "பத்துப் பேருக்கு அனுப்புங்கள், மாலைக்குள் நல்ல சேதி வரும்" என்று வாட்ஸ்அப்பில் வருகின்றது. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டுத் தடை செய்யப்படுகின்ற வரையில், நம் சிவகாசி அச்சகங்களிலேயே சீட்டுகள் லட்ச லட்சமாக அச்சாகி, அச்சடித்த தொழிலாளியே சாயங்காலம் கூலியில் ஒன்றை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். சீட்டு ஒழிந்தது, ஆனால் சீட்டை நம்பிய மனம் ஒழியவில்லை. அந்த மனத்துக்குத்தான் இன்று 25 லட்சம் பரிசுச் சேதி வருகின்றது. வாங்காத சீட்டுக்குப் பரிசு எப்படி விழும் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும், அந்தத் திருடன் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

நம்பரை விற்றவன் யார்?

நிற்க. ஜனங்களைக் குறை சொல்லிவிட்டு நிறுத்திக் கொள்வது யோக்கியமாகாது. "எச்சரிக்கையாயிருங்கள், எச்சரிக்கையாயிருங்கள்" என்று சர்க்காரும் பாங்கிகளும் ஓயாமல் சொல்லுகின்றன. அந்த எச்சரிக்கையையே ஒரு தொல்லையாக்கி, யாருக்குப் போன் செய்தாலும் முதலில் அந்த வாசகத்தைக் கேட்டாக வேண்டும் என்று செய்திருந்தார்கள். ஜனங்கள் சலித்துக் கொண்ட பிறகுதான் 2025 ஜூன் மாதக் கடைசியில் அது நிறுத்தப்பட்டது. ஆனால், எச்சரிக்கையாயிருக்க வேண்டியது நாம் மட்டும்தானா? நம் பெயரும், நம் நம்பரும், நம் பாங்கிப் பெயரும், நம் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடமும் அந்தத் திருடனுக்கு எப்படித் தெரிந்தது?

ஜவுளிக் கடையில் ஒரு வேட்டி எடுத்தால் பில் போட நம்பர் கேட்கின்றான். மளிகைக் கடையில் தீபாவளிக் குலுக்கல் என்று சொல்லி நம்பரும் விலாசமும் எழுதி வாங்குகின்றான். ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகல் ஒன்று எடுத்தால் இரண்டு விழுகின்றது. சாமான் விற்பதற்கு நம்பர் கொடுத்தே ஆக வேண்டும் என்று கடைக்காரர்கள் வற்புறுத்தக்கூடாது என்று 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் இலாகா சொல்லியும் எந்தக் கடைக்காரர் கேட்டார்? ஜனங்களுடைய சொந்த விவரங்களைக் காப்பதற்கென்று 2023 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. அதன் விதிகள் வெளிவர 2025 நவம்பர் வரை ஆயிற்று. வெளிவந்த விதிகளிலும் முக்கியமானவற்றுக்குப் பதினெட்டு மாதத் தவணை கொடுக்கப்பட்டது. திருடனோ ஒரு நாளும் தவணை கேட்டதில்லை.

திருடிய பணம் எந்த வழியாகப் போகின்றது? காற்றிலே பறந்தா போகின்றது? ஒரு பாங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு பாங்கிக் கணக்குக்குத்தான் போகின்றது. அந்தக் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தது ஒரு பாங்கி. பேசிய சிம் கார்டை விற்றது ஒரு டெலிபோன் கம்பெனி. சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டுத் தன் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் வாடகைக்குக் கொடுத்தவன் பெரும்பாலும் நம்மைப்போன்ற ஓர் ஏழை. கடைசியில் ஜெயிலுக்குப் போகின்றவனும் அந்த ஏழைதான். பணம் போனவன் பாங்கிக்குப் போனால், "ஓ.டி.பி.யைச் சொன்னது நீதானே?" என்று கேட்டு அனுப்பிவிடுகின்றார்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் பாங்கி செய்த ஏற்பாட்டின்படியும், ரகசிய எண்ணைத் தானே வெளியே சொல்லிவிட்டவன், பாங்கிக்குத் தெரிவிக்கின்ற வரையில் உண்டான நஷ்டத்தைத் தானே சுமக்க வேண்டியதாயிற்று.

மற்ற நாடுகளைப் பாருங்கள். இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுப் பணம் அனுப்பியவனுக்கு 85,000 பவுன் வரையில் பாங்கிகளே திருப்பிக் கொடுக்க வேண்டும், அனுப்பிய பாங்கியும் வாங்கிய பாங்கியும் அதைப் பாதிப்பாதி சுமக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. நம் தமிழ் மக்கள் ஏராளமாக வாழும் சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 16 முதல், பொய் லிங்க் அனுப்பிச் செய்யும் மோசடிகளில், பாங்கியும் டெலிபோன் கம்பெனியும் தங்கள் கடமையில் தவறியிருந்தால் நஷ்டத்தை அவர்களே ஏற்க வேண்டும் என்று ஏற்பட்டது. அந்த நாட்டு பாங்கிகள் இதனால் திவாலாகிவிட்டனவா? திருடனுக்குக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தால் தன் பையிலிருந்து பணம் போகும் என்று பாங்கிக்குத் தெரிந்தால்தான், கணக்குத் தொடங்க வருகின்றவன் யார் என்று பாங்கி கண்ணைத் திறந்து பார்க்கும். நஷ்டம் முழுவதும் ஏழை தலையில் என்கின்ற வரையில் அது கண்ணை மூடிக் கொண்டுதான் இருக்கும். நம் நாட்டிலும் இம்மாதிரி முழுப் பொறுப்பை பாங்கிகள் மீதும் கம்பெனிகள் மீதும் சுமத்த வேண்டும் என்று ஒவ்வொரு ஊரிலும் தீர்மானம் செய்து சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் அனுப்ப வேண்டும் என்பது நமது கோரிக்கையாகும்.

பேசுகின்றவன் யார்?

இன்னொரு வேதனையான சங்கதியும் உண்டு. 2022 இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜெண்டுகள் சொன்னதை நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் பலர், மியான்மரின் மியாவாடி என்னுமிடத்துக்குக் கடத்தப்பட்டு, அடித்து உதைத்து, இந்த மோசடி வேலையையே செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் 13 பேர் அவ்வருஷம் அக்டோபர் ஆரம்பத்தில் சென்னைக்கு மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். ஆகவே, டெலிபோனில் பேசுகின்றவன் எங்கோ பிறந்த அரக்கன் என்று நினைத்துவிட வேண்டாம். வேலையில்லாத கொடுமையால் ஏமாற்றப்பட்ட நம் பக்கத்து வீட்டுப் பையனாகவும் இருக்கலாம். ஏமாற்றப்பட்டவனைக் கொண்டே இன்னொருவனை ஏமாற்றும் இந்தத் தொழிலில் லாபம் அடைகின்றவன் திரைக்குப் பின்னால்தான் இருக்கின்றான். "வெளிநாட்டு வேலை, மாதம் ஒரு லட்சம், உடனே விசா" என்று வரும் சேதியும் இந்தப் புரட்டில் ஒரு பகுதியே என்பதை நம் வாலிபர்கள் உணர வேண்டும்.

மானம் யாருக்குப் போயிற்று?

எல்லாவற்றையும்விடக் கொடுமையானது கடன் செயலிகளின் அக்கிரமம். அவசரத்துக்கு ஐயாயிரம் ரூபாய் வாங்கின பெண்ணின் போனிலுள்ள படங்களையும் உறவினர் நம்பர்களையும் திருடி, அவள் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி, "பணம் கட்டாவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவோம்" என்று மிரட்டுகின்றார்கள். கடன் கொடுக்கும் செயலி எதுவும் போனிலுள்ள நம்பர்களையும் படங்களையும் தொடக்கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டிருந்தும் இந்தக் கூட்டம் ஓயவில்லை. இதற்குப் பயந்து உயிரை விட்டவர்கள் இந்நாட்டில் உண்டு.

நாம் கேட்கின்றோம்: பொய்ப் படம் செய்தவன் அயோக்கியனா, பொய்ப் படத்தில் ஒட்டப்பட்டவள் அயோக்கியமானவளா? செய்தவனுக்குப் போகாத மானம் செய்யப்பட்டவளுக்கு ஏன் போக வேண்டும்? பெண்ணுடைய முகம் வெளியில் தெரிவதே குற்றம் என்று கற்பித்து வைத்திருக்கும் நம் சமூகந்தான் அந்தத் திருடன் கையில் கத்தியைக் கொடுத்திருக்கின்றது. அவன் அதை வீசுகின்றான், அவ்வளவுதான். அப்படிப்பட்ட படம் ஒன்று உங்களுக்கு வந்தால், அதைப் பார்த்துச் சிரித்து இன்னொருவருக்கு அனுப்புகின்றவன், எத்தனை வேஷ்டி கட்டியிருந்தாலும், அந்தத் திருடனுடைய சம்பளமில்லாத குமாஸ்தாவேயாவான். அந்த வீட்டுக்கு நேரே போய், "அம்மா, இது பொய்ப் படம் என்று எங்களுக்குத் தெரியும், புகார் கொடுக்க நாங்கள் கூட வருகின்றோம்" என்று சொல்லுகின்றவனே மனிதன்.

அதுபோலவே, பணத்தைப் பறிகொடுத்த பெண்ணைப் புருஷன் திட்டுவதும், தகப்பனைப் பிள்ளைகள் கேலி செய்வதும், டீக்கடையில் உட்கார்ந்து சிரிப்பதும் திருடனுக்குச் செய்யும் பேருதவியாகும். சிரிப்புக்குப் பயந்து ஏமாந்தவர் மறைத்துவிடுகின்றார். மறைத்த ஒவ்வொரு மணி நேரமும் பணம் ஒரு கணக்கிலிருந்து பத்துக் கணக்குக்குப் போய் மறைந்துவிடுகின்றது. மேலே சொன்ன லூதியானா முதலாளி வெட்கப்படாமல் புகார் கொடுத்ததால்தான் அவருடைய 7 கோடியில் 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது.

செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, முடிவாகச் சில காரியங்களைச் சொல்லுகின்றோம். இவற்றைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதலாவது, அவசரப்படுத்துகின்றவன் எவனாயிருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். நிஜமான பாங்கியும் மின்சார ஆபீசும் நாளைக்கும் அதே இடத்தில்தான் இருக்கும். சந்தேகமிருந்தால் அவன் கொடுத்த நம்பருக்குப் பேசாமல், பாஸ்புக்கில் அச்சடித்திருக்கும் நம்பருக்குப் பேசுங்கள், அல்லது நேரில் போங்கள். ஓ.டி.பி. என்பது உங்கள் பெட்டிச் சாவி. சாவியைக் கேட்கின்றவன் காவல்காரனாக இருக்க முடியாது. பணம் வருவதற்கு ரகசிய எண்ணை அழுத்த வேண்டிய அவசியமே கிடையாது, போவதற்குத்தான் அது வேண்டும்.

இரண்டாவது, வந்த சேதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2025 முதல் கம்பெனிகளின் மெசேஜ் பெயரின் கடைசியில் ஓர் இங்கிலீஷ் எழுத்து இருக்கும். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் கொடுக்கல் வாங்கல், ஜி என்றால் சர்க்கார். பாங்கிகள் 1600 என்று ஆரம்பிக்கும் நம்பரிலிருந்து பேச வேண்டும் என்றும் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கின்றது. சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து, "பாங்கியிலிருந்து பேசுகிறேன்" என்பவன் பேச்சை நம்பாதீர்கள். முகந்தெரியாதவன் அனுப்பும் லிங்கைத் தொடாதீர்கள், கல்யாணப் பத்திரிகை என்று வரும் செயலியையும் திறக்காதீர்கள்.

மூன்றாவது, விளம்பரத் தொல்லையை நிறுத்த 1909 என்ற நம்பருக்குத் தெரிவித்துப் பதிந்து கொள்ளலாம். அதற்கு மேலும் தொல்லை கொடுத்தால் ஏழு நாளைக்குள் அதே நம்பருக்குப் புகார் செய்யலாம். மோசடி என்று தோன்றும் அழைப்பை சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் தெரிவிக்கலாம். உங்கள் பெயரில் உங்களுக்குத் தெரியாமல் எத்தனை சிம் கார்டு இருக்கின்றது என்பதையும் அந்தத் தளத்திலேயே பார்த்துக் கொள்ளலாம்.

நான்காவது, பணம் போய்விட்டால் அழுது கொண்டிருக்காமல் அந்த நிமிஷமே 1930 என்ற நம்பருக்குப் பேசுங்கள். பணம் திருடனுடைய கணக்கில் நிற்கின்றபோதே அதை நிறுத்தி வைப்பதற்குத்தான் அந்த நம்பர் இருக்கின்றது. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ, ஜில்லாவின் சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷனிலோ எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பாங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாயால் சொன்னது எந்த ஏட்டிலும் நிற்காது.

ஐந்தாவது, எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் பாங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ மற்றவனுக்கு வாடகைக்குக் கொடுக்காதீர்கள்.

இவற்றைப் பத்திரிகையில் படித்து மடித்து வைப்பதால் பயனில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கும் நேரத்தில் ஆலை வாசலிலும், சுயஉதவிக் குழுக் கூட்டத்திலும், டீக்கடையிலும், ரேஷன் கடை வரிசையிலும் எடுத்துச் சொல்ல வேண்டும். முக்கியமாக, "போலீஸ் என்று சொன்னால் பயப்படு" என்பதற்குப் பதிலாக, "எந்த ஸ்டேஷன், என்ன பெயர், எந்தச் சட்டம் என்று கேள்" என்பதை நம் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே கற்பிக்க வேண்டும். கேள்வி கேட்கின்ற ஜனங்களிடம் பொய் அதிகாரியின் பேச்சு எடுபடாது. அதோடு நிஜ அதிகாரியும் சற்று மரியாதையாகப் பேசக் கற்றுக்கொள்ளுவான். இந்த இரண்டு லாபத்துக்கும் நமக்கு ஆகக்கூடிய செலவு "நீ யார்?" என்கின்ற ஒரு கேள்விதான்.